தோண்டும் முன் ஒரு கேள்வி

போன வாரம் மதுரையிலிருந்து அக்கா பேசினாள். தெருவில் தார் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கேபிளுக்காகத் தோண்டி குடிதண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டார்களாம். நாலு நாளாகக் குடமும் கையுமாக அலைச்சல். "ஏன்டா, உங்க அமெரிக்காவுல யாரும் குழியே தோண்டுறதில்லையா?" என்று கேட்டாள். அந்த வாரம் நானே கொல்லையில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்டினில் குடியேறியவனை விறகுப் புகையில் வேகும் கறி விடாது. போஸ்ட் ஓக் விறகில் பிரிஸ்கெட் எனும் மாட்டு நெஞ்சுக்கறி 12 மணி நேரம் கிடக்க வேண்டும். நடுவில் மழை பிடித்தால் ஸ்மோக்கரின் சூடு இறங்கிவிடும். அதனால் ஸ்மோக்கருக்கும் கிரில்லுக்கும் நாலு தூண் நட்டு ஒரு கொட்டகை, வீட்டுச் சுவரிலிருந்து 10 அடிக்கு மேல் தள்ளி.

குழி எடுக்கும் முன் 811-ஐ அழைத்தேன். தோண்டும் முன் அழைக்க, 2007 முதல் நாடு முழுவதற்கும் இந்த ஒரே எண், காசு கிடையாது. இரண்டு நாளில் ஆட்கள் வந்து, அடியில் குழாயும் கம்பியும் ஓடும் இடம் தெரிய, புல்தரையில் கொடி நட்டுப் போனார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைபேசிக் கம்பிக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை. மூன்றாம் தூணுக்கு நான் அடித்திருந்த முளைக்குச்சியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மஞ்சள் கொடி ஆடியது. கொட்டகையையே நாலடி தள்ளிப் போட்டேன்.

இந்த நாட்டில் எனக்கு ஒப்பாத காரியங்கள் எத்தனையோ உண்டு. இந்தக் கொடிகளை மட்டும் கையெடுத்துக் கும்பிடுவேன். பத்திரம் என் பெயரில் இருக்கலாம். மண்ணுக்கடியில் ஓடுவது ஊராரின் தண்ணீரும் வெளிச்சமும். பக்கத்து வீட்டுப் பெரியவர் மரக்கன்று நடுவதற்கும் 811-ஐ அழைக்கிறார். நம் ஊரிலும் 2023-இல் மத்திய அரசு இதற்காகவே 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியைக் கொண்டுவந்தது. கருவி இருக்கிறது. தோண்ட வருகிறவர் அதைத் திறந்து பார்க்க வேண்டும். பார்க்காமல் உடைத்தால் செலவை அவரே கட்ட வேண்டும். அக்கா தெருவில் இரண்டும் நடக்கவில்லை.

கூரை விஷயத்தில் மட்டும் நம் ஊரை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடையில் காட்டிய கூரைகளுக்கு உச்சியில் திறப்பே இல்லை; அடியில் புகை தேங்கிக் கண் கரிக்கும். அப்பத்தா வீட்டு அடுப்படியில் ஓட்டுக்கூரையின் உச்சிமேல் ஒரு குட்டிக் கூரையைத் தூக்கி வைத்திருப்பார்கள். இடைவெளியில் புகை வெளியேறும், மழை உள்ளே இறங்காது. காற்றும் மழையும் அறிந்த ஊர்த் தச்சர் வைத்த வாட்டம் அது. அதையே இங்கே தகரத்தில் அடித்தேன். நாலு பக்கமும் சுவர் வைக்கவில்லை. முதல் நாள் விறகு மூட்டியதும் புகை நேரே உச்சிக்கு ஏறிப் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெரியவர் அண்ணாந்து பார்த்தார். ஏணி கேட்டு ஏறி, அந்த இடைவெளியை டேப் வைத்து அளந்துகொண்டு போனார்.

புகை போகும் வழியை அவ்வளவு துல்லியமாக அறிந்த ஊருக்கு, தண்ணீர் போகும் வழியைக் கேட்டுவிட்டுத் தோண்டுவது முடியாத காரியமா?

அக்காவுக்கு இரண்டு படம் அனுப்பினேன். கூரையைப் பார்த்ததும் "அப்பத்தா அடுப்படி!" என்றாள். மஞ்சள் கொடிப் படத்தை வார்டு கவுன்சிலரிடம் கொண்டுபோய்க் காட்டப் போகிறாளாம்.