டாலஸ் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு

டாலஸுக்கு மாறி வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லது?" என்றுதான். பள்ளிகளை மதிப்பிடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் பத்துக்கு ஒன்பது என்று பார்த்ததும் வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த எண்ணில் பெரும்பங்கு தேர்வு மதிப்பெண். பெற்றோரின் வருமானமும் படிப்பும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன.

பிள்ளை எப்படிப்பட்ட இடத்தில் வளரப்போகிறது என்று பாருங்கள். ஆலன் டிஸ்ட்ரிக்ட் முழுக்க ஒரே உயர்நிலைப் பள்ளி. ஐயாயிரம் மாணவர்கள், 18,000 பேர் உட்காரும் அமெரிக்கக் கால்பந்து மைதானம். பக்கத்து ஃபிரிஸ்கோவோ வேண்டுமென்றே பள்ளிகளைச் சிறிதாக வைத்து எண்ணிக்கையைக் கூட்டியது. கூச்சப்படும் குழந்தைக்கு இது பெரிய வித்தியாசம்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 1997 சட்டப்படி, டெக்சாஸில் பள்ளியின் தரவரிசையில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் (யூடி) மட்டும் 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு அதை 5 ஆக இறுக்கிவிட்டது. எல்லோரும் தொண்ணூற்றெட்டு வாங்கும் பள்ளியில் நன்றாகப் படிக்கிற பெண்கூட தரவரிசையில் பின்னால் போய்விடுகிறாள். பதினைந்து வயதில் "நான் சுமார்தான்" என்று அவள் நம்ப ஆரம்பிப்பதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

கையெழுத்துப் போடும் முன் பள்ளிக்கு நேரில் போங்கள். ஒரு ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். உங்கள் முகவரிக்கு எந்தப் பள்ளி என்பதை டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்திலேயே உறுதிசெய்யுங்கள். வளரும் ஊர்களில் எல்லைகளை மாற்றி வரைவது வழக்கம்.