கோனும் ஒன்பது போல்சும்

எங்கட பக்கத்தில 'சைக்கிள் கழுவிப் பூட்டுறது' எண்டு ஒரு சொல் இருக்கு. கம்பஸில வேற ஊர்ப் பொடியளுக்குச் சொன்னால், சவர்க்காரம் போட்டுக் கழுவுற விசயம் எண்டு நினைக்கிறாங்கள். சில்லைக் கழட்டி, ஹப்புக்குள்ள இருக்கிற பழைய கிறீஸை மண்ணெண்ணெயில கழுவி, தேஞ்ச போல்ஸை மாத்தி, புதுக் கிறீஸ் வைச்சுத் திரும்பப் பூட்டுறதுதான் அது. வருசத்துக்கு ஒருக்காலாவது, மாரி முடிஞ்ச கையோட செய்யோணும். வன்னியில அது இன்னும் அவசியம். கோடையில கிரவல் ரோட்டுப் புழுதி. மாரியில குளம் வான் பாஞ்சால் ரோட்டில முழங்கால் தண்ணி, அதுக்குள்ளால உருட்டிக்கொண்டு போறம். அச்சு மட்டத்துக்குத் தண்ணி வந்தால் ஹப்புக்குள்ள போகாமல் என்ன செய்யும்?

இந்த லீவில வீட்டை வந்தபோது எங்கட சின்னவளின்ர சைக்கிள் பின்சில்லு கரகரத்துக்கொண்டிருந்தது. றிம்மைப் பிடிச்சு இடம் வலமாய் ஆட்டினால் ஆட்டம். அவளுக்குச் சாதாரண தரச் சோதினை வருது. பள்ளிக்கூடம் ஆறு கிலோமீற்றர், பின்னேர வகுப்பு அதையும் தாண்டி. உள் ரோட்டுக்குப் பஸ் காலமையும் பின்னேரமும் மட்டும்தான். ஒரு கடையில காட்டினதுக்கு, "சில்லோட மாத்துறதுதான் நல்லது" எண்டு சொல்லி விட்டிட்டினம். அம்மா கணக்குப் பாத்திட்டு, "நெல்லு வெட்டுமட்டும் பின்னேர வகுப்பை விடு பிள்ளை" எண்டா. சின்னவள் ஒண்டும் கதைக்கேல்லை, சோத்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள்ள போயிட்டாள்.

நாங்கள் கலைப்பீடம். கழட்டிப் பூட்டுறதில எங்களுக்குப் பட்டம் ஒண்டும் தரப்போறதில்லை. ஆனால் அப்பாவோட இருந்து சின்ன வயசில பாத்தது கையில கொஞ்சம் மிச்சமிருந்தது. சில்லைக் கழட்டி, நட்டையும் கோனையும் சுத்தி எடுத்து, அச்சை உருவினம். கீழ ஒரு பழைய வெள்ளைத் துணி விரிக்கோணும், இல்லாட்டி போல்ஸ் முற்றத்து மண்ணுக்க போயிடும். பின்சில்லுக்குப் பக்கத்துக்கு 9, கால் அங்குல போல்ஸ். முன்சில்லுக்கு 10, அது 3/16 அங்குலம், சின்னன். வலப்பக்கத்தால 9 வந்தது. இடப்பக்கத்தால 7தான் முழுசாய் வந்தது, மிச்சம் துண்டுகள். கிறீஸ் எண்டு ஒண்டு இல்லை, தேத்தண்ணிச் சாயம் மாதிரித் துருத்தண்ணி.

கோனைக் கழுவிப் பாத்தால் ஒரு பக்கத்தில மட்டும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள், மற்றப் பக்கம் கண்ணாடி மாதிரி. சின்னவள்தான் கேட்டாள், ஏன் ஒரு பக்கம் மட்டும் எண்டு. யோசிச்சால் நேரான விசயம்: ஓடேக்க சில்லும் கப்பும் சுத்தும், அச்சும் கோனும் சுத்தாது. அச்சில ஏறுற பாரம் எப்பவும் கோனின்ர ஒரே அடிப்பக்கத்தாலதான் போல்ஸில இறங்கும். கப் சுத்துறபடியால் தேய்வு வட்டமாய்ப் பரவிடும். அதாலதான் ஹப் நல்லாய் இருக்கேக்கயே கோன் சாகுது. கப்புக்குள்ள விரல் விட்டுத் தடவிப் பாத்தம், வழுவழுப்பாய் இருந்தது. அப்ப சில்லு மாத்தத் தேவையில்லை. ஒரு சோடிக் கோனும் 18 போல்சும் போதும். உடைஞ்சதை மட்டும் மாத்தினால் என்ன எண்டும் கேட்டாள். பழசு தேஞ்சு சின்னனாயிருக்கும், புதுசு பெருசு, பாரம் முழுக்கப் புதுசில விழும், அதுவும் உடையும். மாத்தினால் முழுக்க மாத்தோணும்.

சந்தியில இருக்கிற இன்னொரு கடை அண்ணை கோனை வாங்கிப் பாத்திட்டு, "பொருத்தடை நேரம் இதைத் திருப்பிப் போட்டு இன்னும் ஆறு மாசம் ஓடியிருப்பம் தம்பி" எண்டு சிரிச்சார். குழி விழாத பக்கம் கீழ வாற மாதிரி. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயே விளக்குக்கு எண்ணி ஊத்தின காலம், ஹப் கழுவ ஆர் குடுப்பினம்? சைக்கிளை நிப்பாட்டி வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட சனம். 2009இல வீட்டுச் சாமான் முழுக்கக் கட்டி உருட்டினதும் சைக்கிளைத்தான். ரியூப் போன பிறகு வெறும் றிம்மில உருட்டினதாய் அம்மா சொல்லுவா. திரும்பி வந்து குடியேறின நேரம், கறள் பிடிச்ச சைக்கிள் குவியலுக்குள்ள அப்பா ஹப் தேடியிருக்கிறார். அதை அவர் கனக்கக் கதைக்கிறதில்லை, நாங்களும் கேக்கிறதில்லை.

எங்களுக்கு ஒரு எரிச்சல் இருக்கு, சொல்லத்தான் வேணும். சின்னவளின்ர சைக்கிள் ஒரு அமைப்பு இலவசமாய்க் குடுத்தது. கையளிக்கிற படத்தில பதாகை, மாலை, வரிசையில பிள்ளையள் எல்லாம் இருக்கு. சைக்கிளோட ஒரு ஸ்பனரும் ஒரு டப்பி கிறீஸும் குடுத்து, அரை நாள் கழட்டிக் காட்டியிருந்தால் அதே காசு இரண்டு மடங்கு ஓடியிருக்கும். 2022இல எரிபொருள் வரிசை வந்த நேரம் ஊரே சைக்கிளுக்குத் திரும்பிச்சுது, உதிரிப்பாகமும் விலை ஏறிச்சுது. அந்த விலை பிறகு பழைய இடத்துக்கு இறங்கேல்லை.

பூட்டினது சின்னவள்தான். கப்புக்குள்ள கிறீஸைத் தாராளமாய் அப்பி, போல்ஸை ஒவ்வொண்டாய் ஒட்டினாள். 9 வைச்ச பிறகும் இன்னொண்டுக்கு இடம் இருக்கிற மாதிரித் தெரியும், வைக்கக்கூடாது, ஒண்டோட ஒண்டு நெரிபடும். பிறகு கோனை விரலால இறுக்கி, ஸ்பனரால இன்னும் கொஞ்சம், அதில இருந்து கால் சுத்து பின்னுக்கு. கோனைப் பிடிச்சபடி நட்டை இறுக்கோணும், விட்டால் கோனும் கூடச் சுத்தி முழுக்க இறுகிடும். அந்த இடத்தில நாலு தரம் கழட்டிப் பூட்டினாள். பக்கத்து வீட்டு மாமா மதிலால எட்டிப் பாத்து, "பொம்பிளைப் பிள்ளையை விட்டு..." எண்டு துவங்கினவர், சில்லு சுத்துறதைப் பாத்திட்டு மிச்சத்தைச் சொல்லேல்லை. தூக்கிப் பிடிச்சு விட்டால், வால்வுப் பக்கம் தானாய்க் கீழ வந்து, ஊசலாடி நிக்கோணும். நிண்டிச்சுது. ஆட்டமும் இல்லை.

அடுத்த கிழமை அவள் பின்னேர வகுப்புக்குப் போனாள். இப்ப பெடல் மிதிக்கேக்க நடு அச்சில ஒரு 'டக்' கேக்குதாம். அதுக்கும் கால் அங்குல போல்ஸ்தான், பக்கத்துக்கு 11. மாரி தொடங்க முன்னம் அதையும் கழட்டோணும்.