யாருக்குக் கை தட்டினீர்?

கிரிக்கெட்டைப் பற்றி இவ்விதழில் எழுதுவானேன் என்று மூத்த வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தை விவரிப்பதன்று நம் நோக்கம். அது முடிந்தபின் தெருவில் தொடங்குகிறதே மற்றோர் ஆட்டம், அதைப் பற்றியே எழுதப் புகுகின்றோம். மட்டையைத் தொட்டே அறியாத நம் மூதாட்டியர்கூட அந்த ஆட்டத்தில் என்றேனும் ஒருநாள் களத்தில் இறக்கப்பட்டிருக்கின்றனர்.

இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடுகின்றன. ஏதோ ஒன்று வெல்கிறது. மறுநாட் காலை பால் வாங்குமிடத்திலோ, மின்சார ரயிலிலோ, பட்டறை வாயிலிலோ ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்: "என்ன பாய், நேத்து யாருக்குக் கை தட்டினீங்க?" கேட்பவர் பெரும்பாலும் நல்லவர், நம் வீட்டுப் பெருநாள் பிரியாணியை உண்டவர். விளையாட்டாகவே கேட்கிறார். விளையாட்டாகவே விடை சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆயினும் அந்த விடை வெளிவருமுன் தொண்டையில் ஏதோ ஒன்று சற்றே அடைக்கிறது. அந்த ஏதோவொன்றைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நாம் குடியிருப்பது அம்பத்தூரில். பிழைப்புத் தேடி இராமநாதபுரம் சீமையிலிருந்து நம் அத்தா இங்கு வந்து சேர்ந்த 1960-களில்தான் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. அடுத்திருக்கும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. இராணுவத்துக்கு டாங்கி செய்யும் தொழிற்சாலை அது. அங்கே உருவான 'விஜயந்தா' டாங்கிகள் 1971-ஆம் ஆண்டுப் போரில் களங்கண்டன. அவற்றுக்குத் திருகாணி முடுக்கிய கைகளுள் எல்லா மதத்தார் கைகளும் உண்டு. டாங்கிக்குத் திருகாணி முடுக்கிய கையைப் பார்த்து, கிரிக்கெட்டில் அது யாருக்குத் தட்டியது என்று கேட்பது வேடிக்கையன்றோ? இந்த வேடிக்கையைக் கேட்பவரிடம் நாம் எடுத்துச் சொன்னதில்லை. சொன்னால் வேடிக்கை வேடிக்கையாக இராது.

நம் எதிர்வீட்டில் ஒரு பள்ளி ஆசிரியர். தெருவே அவரை வாத்தியார் என்றழைக்கும், நாமும் அவ்வாறே. அவருக்கும் நமக்கும் கிரிக்கெட்டில் தீராப் பகை. இருவரும் இந்திய அணியின் பக்கந்தான், பகை அதற்குள்ளேயே. அவர் டெண்டுல்கரின் அடியார். நாமோ அஸாருத்தீனின் மணிக்கட்டு அசைவுக்கு ஆட்பட்டவர்கள். இந்தியா வென்றால் யாரால் வென்றது, தோற்றால் யாரால் தோற்றது என்பதே வழக்கு. தீர்ப்பில் தோற்றவர் முனைக்கடையில் தேநீரும் மசால்வடையும் வாங்கித் தர வேண்டும். இந்த வழக்கில் நாம் இழந்த வடைகளை அடுக்கினால் ஒரு மினாரா எழும்பும்.

தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வருமுன் வானொலிதான் நம் மைதானம். தமிழில் வர்ணனை செய்தவர்களுள் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலை மறந்தவர் உண்டா? 2020-ஆம் ஆண்டு இறுதியில் அவர் மறைந்தபோது, கிரிக்கெட்டைக் காதால் பார்த்த ஒரு தலைமுறையே கலங்கியது. அந்த நற்றமிழ்க் குரலைத் தேநீர்க் கடைகளில் கூட்டமாக நின்று கேட்டவர்கள், அந்தக் குரலுக்குரியவர் யாருக்குக் கை தட்டுவார் என்று கேட்டதாக நாம் அறியோம். ஆட்டம் எப்படிப் போகிறது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. 1983-இல் உலகக் கோப்பை வென்ற அணியின் விக்கெட் காப்பாளர் சையது கிர்மானி பிறந்தது நம் சென்னையில் என்பதையும், நம்மூரார் பலர் அறியாத செய்தியாதலால், இங்கே குறித்து வைக்கின்றோம்.

நிற்க. இப்பொருளைப் பற்றிப் பேசும் எவரும் 1999 சனவரி 31-ஆம் நாளைத் தாண்டிச் செல்ல முடியாது. 12 ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. வரக்கூடாதென்று சிவசேனைக் கட்சியினர் டில்லி கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தைக் கொத்திப் பாழ்படுத்தினர். முதல் டெஸ்ட் சேப்பாக்கத்துக்கு வந்தது. இரு அணிக்கும் தலைவர்கள் முஸ்லிம்கள்: இங்கே அஸாருத்தீன், அங்கே வசீம் அக்ரம். இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பதும் அக்காலத்தின் ஓர் அழகு.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இந்தியாவுக்கு இலக்கு 271. நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரங்கூட ஆகவில்லை. வீட்டில் மிச்சமிருந்த பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நம் தம்பியும் வாத்தியாரின் மூத்த மகனும் விடியலிலேயே புறப்பட்டனர். சென்ட்ரல் வரை மின்சார ரயில், அங்கிருந்து சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயில். நாமும் வாத்தியாரும் தொலைக்காட்சி முன். 82 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் வீழ்ந்தபோது வாத்தியார் எழுந்து தம் வீட்டுக்கே போய்விட்டார். முதுகு வலியோடு டெண்டுல்கரும், துணையாக மோங்கியாவும் ஓட்டம் சேர்க்கச் சேர்க்க மெல்லத் திரும்பி வந்தார். 136 ஓட்டங்கள்! பின்னர் சக்லைன் முஷ்தாக்கின் பந்தைத் தூக்கியடித்து, அக்ரமின் கையில் பிடிபட்டு டெண்டுல்கர் வெளியேறியபோது, தேவை 17 ஓட்டங்கள். கையிருப்பு மூன்று விக்கெட். நான்கு ஓட்டங்கள் சேர்வதற்குள் மூன்றும் போயின. 258-க்கு ஆட்டம் முடிந்தது. 12 ஓட்டங்களில் தோல்வி.

தொலைக்காட்சியில் ஒரு கணம் ஒலியே இல்லை. பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒரு கை தட்டியது. அடுத்த மூலை எழுந்தது. பின்னர் அரங்கமே எழுந்து நின்றது. தயங்கி நின்ற பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் அந்த ஓசையைக் கேட்டு மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தனர். சென்னை அவர்களை வாழ்த்தி அனுப்பியது. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினார், நாமும் தட்டினோம்.

இந்தக் காட்சியைச் சென்னையின் பெருந்தன்மைக்குச் சான்றாகப் பலர் எழுதிவிட்டனர். உண்மை. ஆயினும் நம்மவர்க்கு அது பிறிதொன்றும் தந்தது. அன்று இரவு கடைசி ரயிலில் வந்திறங்கிய தம்பி சொன்னான்: "அண்ணே, அங்க எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன். பக்கத்துல யாரும் திரும்பிப் பார்க்கல." திரும்பிப் பார்க்கவில்லை என்றானே, அதைத்தான் கூறுகின்றோம். அக்ரமின் பந்து வீச்சைச் சிறு வயது முதல் ரசித்தவன் அவன். நல்ல பந்தைக் கண்டு இரண்டு உள்ளங்கைகளை ஒன்று சேர்ப்பதற்கு முன் இடமும் வலமும் நோக்க வேண்டியிராத ஒரு மாலைப்பொழுது அவனுக்கு அன்று வாய்த்தது. ஊரே தட்டும்போது யார் தட்டினார் என்று எவராலும் கணக்கெடுக்க முடியாதன்றோ!

மறுநாள் முதல் வழக்கம் போல் வழக்கு நடந்தது. அஸாருத்தீன் 7 ஓட்டங்களில் வெளியேறியதை வாத்தியார் ஒரு மாதம் சொல்லிக் காட்டினார். இலக்கு எட்டும் தொலைவில் இருக்கையில் அப்படித் தூக்கியடிப்பானேன் என்று நாம் திருப்பிக் கேட்டோம். வடைக்குரியவர் யாரென்று முடிவாகவேயில்லை. அடுத்த டில்லி டெஸ்டில் கும்ப்ளே ஒருவரே பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்தியபோது இருவரும் சேர்ந்து கடைக்காரருக்கே வடை வாங்கித் தந்தோம். கல்கத்தாவில் அதே மாதம் வேறு கதை: டெண்டுல்கர் ஓட்டத்தில் ஆட்டமிழந்ததால் மூண்ட கலகம் அடங்காமல், இறுதி நாளில் பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு, வெற்று அரங்கில் பாகிஸ்தான் வெற்றி பெற்றது.

பின்பு கார்கில் போர். 1999 சூன் 8-ஆம் நாள், எல்லையில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருக்கையில், மான்செஸ்டரில் உலகக் கோப்பை ஆட்டம். இந்தியா 47 ஓட்டங்களில் வென்றது. நள்ளிரவை நெருங்கும் வேளையில் அம்பத்தூர், ஆவடி எங்கும் வெடிகள். நாமும் மகிழ்ந்தோம், எல்லையில் நிற்பவருள் நம் ஊர்ப் பிள்ளைகளும் உளரே. ஆனால் தெருவில் மற்ற வீடுகளின் முன் ஒற்றை வெடி போட்டவர்கள் நம் வாசலில் மட்டும் நீண்டதொரு சரத்தைக் கொளுத்தினர். நம் தெருப் பிள்ளைகள் அல்லர். வெடித்து முடிந்தபின் நம் வீட்டுக் கதவைப் பார்த்து இரண்டு முறை சிரித்துவிட்டுப் போயினர். அவ்வளவே நடந்தது. ஒரு கல் விழவில்லை. ஒரு வசைச்சொல் இல்லை. யாரிடம் சென்று என்னவென்று முறையிடுவது?

காலையில் கதவைத் திறந்தபோது வாத்தியார் தம் வீட்டு விளக்குமாற்றால் நம் வாசலில் கிடந்த வெடிக்காகிதத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். "விடுங்க பாய், குப்பை" என்றார். அன்று வடையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

தம்பி அதன்பின் நெடுநாள் அக்ரமின் பெயரை எடுக்கவில்லை. இந்தியா வென்ற மறுநாள் பட்டறையில் எல்லோருக்கும் முன்னதாக மிட்டாய் வாங்கிக் கொடுப்பவன் அவனேயாயினான். அவன் மகிழ்ச்சி பொய்யன்று. இந்தியா வென்றால் உண்மையாகவே துள்ளுபவன். எனினும் பிறர் மெதுவாக, மனம் போனபடி மகிழ்ந்தபோது அவன் முந்திக்கொண்டு, உரக்க, சாட்சி வைத்து மகிழ வேண்டியிருந்தது. தானே வருகிற சிரிப்பை வரவழைத்துக் காட்டச் சொல்வதைவிடக் கொடிது என்ன இருக்கிறது?

நம்மிடையே பச்சைச் சட்டையைக் கண்டதும் மார்க்கத்தையே கண்டதுபோல் துள்ளும் இளைஞர் அறவே இலர் என்று சாதிக்க மாட்டோம். அது பேதைமை. பந்துக்குக் கிப்லா இல்லை. அப்படித் துள்ளிய ஒரு பையனை நம் மைத்துனர் பள்ளிவாசல் திண்ணையில் வைத்து, "உனக்கு லாகூரில் எத்தனை மாமன்மாரடா?" என்று கேட்டபோது கூடியிருந்தோர் சிரித்த சிரிப்பு அவனுக்குப் போதுமானதாயிருந்தது. பிழை செய்தவன் ஒருவன். பரீட்சை எழுதுவது மட்டும் எல்லோரும் என்றால் எப்படி?

2007 செப்டம்பர் 24. ரமளான் மாதம். ஜொகனஸ்பர்க்கில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். நோன்பு திறந்த கையோடு சிறிது பார்த்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றோம். தராவீஹ் தொழுகையில் நிற்கையில் வெளியே வெடி முழங்கியது. ஐந்து ஓட்டங்களில் வெற்றி! மூன்று விக்கெட் வீழ்த்தி ஆட்டநாயகனானவர் இர்ஃபான் பதான். பரோடாவில் ஒரு பள்ளிவாசல் மோதினாரின் மகன். தொழுகை முடித்து வந்தால் வாசலில் வாத்தியார், கையில் இனிப்புப் பெட்டியுடன். "பாய், உங்க மோதினார் மகன் ஜெயிச்சுக் கொடுத்துட்டாருல்ல!"

அன்பாகத்தான் சொன்னார். இனிப்பும் இனித்தது. ஆனால் அந்த 'உங்க' மட்டும் இரவெல்லாம் உறுத்தியது. இர்ஃபான் குசராத்துக்காரர்; தமிழ் அறியாதவர். நம் வீட்டிலிருந்தும் வாத்தியார் வீட்டிலிருந்தும் பரோடா ஒரே தொலைவுதானே! டெண்டுல்கர் நூறு அடித்தால் நாம் வாத்தியாரை, "உங்கள் டெண்டுல்கர்" என்று சீண்டுவதுண்டு. அது ரசிகரைச் சீண்டுவது. இது வேறு. நெருங்கிய நண்பரிடம் இதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் மறுநாள் வடை வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

2021 அக்டோபர் 24-இல் துபாயில் இந்தியா பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்றபோது, பதினொரு பேரும் சேர்ந்து தோற்ற ஆட்டத்துக்கு முகம்மது ஷமி ஒருவர் மீது மதத்தின் பெயரால் வசை பொழியப்பட்டது. அணித் தலைவர் கோலி வெளிப்படையாக அதைக் கண்டித்தார். நாட்டுக்காக ஆடுகிறவருக்கே அந்தப் பரீட்சை என்றால், அம்பத்தூரில் அமர்ந்து பார்க்கிறவர் எம்மாத்திரம்!

2023 அக்டோபர் 23-இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் ஆடின. நம் தம்பி மகனும் வாத்தியாரின் பேரனும் சேர்ந்தே சென்றனர். ஆப்கானியர் எட்டு விக்கெட்டில் வென்று மைதானத்தைச் சுற்றி வந்தனர், இர்ஃபான் பதான் ரஷீத் கானோடு சேர்ந்து ஆடினார், அரங்கம் ஆர்ப்பரித்தது. பிள்ளைகள் இருவரும் தொண்டை கட்டி, நள்ளிரவு கடந்து வந்து சேர்ந்தனர். யாருக்குக் கத்தினீர்கள் என்று நாம் கேட்கவில்லை, வாத்தியாரும் கேட்கவில்லை. அவர்களோ வாசற்படியிலேயே ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு நின்றனர். பாபர் அசாமின் 74 ஓட்டங்கள் உயர்ந்தவையா, இப்ராகிம் சத்ரானின் 87 ஓட்டங்கள் உயர்ந்தவையா என்று வழக்கு. எவன் எந்தப் பக்கம் பேசினான் என்பது அந்தத் தொண்டைக்கட்டில் நமக்கு விளங்கவில்லை. உள்ளிருந்து தம்பி மனைவி, "ஊரு தூங்குது, போய்ப் படுங்கடா" என்று அதட்டிய பின்னும் வழக்கு முடியவில்லை. கடைசியில் முனைக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒருவன் கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.