பாலைவனத்து ஊரில் ஏரியூர்க்காரி

"பாலைவனத்துக்கா போறீங்க? அதுக்கு எதுக்கு ரயில் சார்ஜ் குடுக்கணும்? சித்திரை மாசத்துல நம்ம ஊர்லயே இருந்தாப் போதாதா?" என்று சிரித்தார் எதிர்வீட்டு அக்கா. நான் முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டே சிரித்து வைத்தேன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரத்துக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஏரியூர். பேரிலேயே ஏரி! பக்கத்து நாகமரைக்குப் போனால் மேட்டூர் அணைத் தண்ணீர் கடல் மாதிரி தேங்கி நிற்கும். பரிசலில் அக்கரை போனால் சேலம் மாவட்டம். ஆனால் நான் சிறுமியாக இருந்தபோது, கோடை வந்தால் அடிபம்பில் குடத்தை வரிசை வைத்துவிட்டு, அதற்குக் காவலாக ஒரு தம்பியையும் உட்கார வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம். அப்படிப்பட்டவள் ராஜஸ்தான் பாலைவன ஊரில் ஆடம்பர ஹோட்டலில் தங்கப் போகிறாள் என்றால் அக்கா சிரிக்காமல் என்ன செய்வார்?

மாப்பிள்ளைக்கு ஜோத்பூரில் ஆஸ்பத்திரி வேலை. எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு, "ரெண்டு நாளாவது சமையல்கட்டுப் பக்கம் போகாம இரும்மா" என்று மகளே ஹோட்டலில் அறை எடுத்துவிட்டாள். பெங்களூரில் ரயில் ஏறினால் இரண்டு இரவு. நவராத்திரி முடிந்த கையோடு கிளம்பினோம்.

கோட்டைக்குக் கீழே பழைய ஹவேலி ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். ஹவேலி என்றால் வேறொன்றுமில்லை, நம் செட்டிநாட்டு வீடு போல முற்றம் வைத்த பெரிய வீடு. ஜன்னலெல்லாம் கல்லிலேயே செதுக்கிய சல்லடை. வெயில் உள்ளே வராது, காற்று வரும். மாடியில் நின்றால் நீல வண்ணம் அடித்த வீடுகள் அலை அலையாகத் தெரிகின்றன. இரண்டு ராத்திரி வாடகையைக் கேட்ட என் வீட்டுக்காரர், "ஒரு கறவை மாடே வாங்கிடலாமே!" என்றார். மாப்பிள்ளை காதில் விழவில்லை, நல்ல வேளை.

குளியலறையைத் திறந்தேன். ஆள் படுத்துக்கொள்கிற அளவுக்கு வெள்ளைத் தொட்டி. எங்கள் ஊர்க் கணக்கில் பத்துப் பன்னிரண்டு குடம் பிடிக்கும். குழாயைத் திருகிவிட்டு, தண்ணீர் கொட்டுகிற சத்தம் பொறுக்காமல் உடனே மூடிவிட்டேன். "அம்மா, காசு குடுத்தாச்சு, குளிம்மா!" என்றாள் மகள். என்ன செய்ய, கை வரவில்லை. கடைசியில் ஒரு பக்கெட்டும் மக்கும் கேட்டு வாங்கினேன்.

கொண்டு வந்தவள் அறை சுத்தம் செய்கிற பெண். நாற்பது வயதிருக்கும், தலையில் ஆரஞ்சு நிற முக்காடு, கை நிறைய வளையல். தொட்டி இருக்கும்போது பக்கெட் கேட்கிற விருந்தாளியை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எனக்கோ பகீரென்றது. முன்பல் நாலிலும் காவி நிறத்தில் குறுக்குப் பட்டை. கண்ணாடியில் என்னையே பார்த்த மாதிரி!

சொல்லிவிடுகிறேன். எனக்கும் பல் அப்படித்தான். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் என் வயதுக்காரர்களுக்கு இது உண்டு. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பொண்ணு வெத்தலை பாக்குப் போடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்; திரும்பி வரவில்லை. என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு படத்திலும் பல் தெரியாது.

இதற்குக் காரணம் வெற்றிலையும் இல்லை, பல் தேய்க்காததும் இல்லை. நிலத்தடிப் பாறையிலிருந்து தண்ணீரில் கரையும் ஃப்ளோரைடுதான். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. குழந்தைக்கு எட்டு வயதாகும் வரை ஈறுக்குள்ளே நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும் காலம். அப்போது குடிக்கிற தண்ணீர்தான் பல்லில் எழுதப்படுகிறது. பிறகு எந்தப் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. வருஷக்கணக்கில் அதையே குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது அதிகமாகும். சாதாரண ஃபில்டரும் அதைப் பிடிக்காது. ஆர்.ஓ. பிடிக்கும். மழைத் தண்ணீரில் அது அநேகமாக இருப்பதே இல்லை. உங்கள் கிணறோ போர்வெல்லோ எப்படி என்று தெரிய வேண்டுமானால் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைச் சாலையில் கொடுத்துப் பாருங்கள்.

மகள் இந்தியில் பேச்சுக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் பிறந்த ஊர் பாலைவனத்துக்குள்ளே தள்ளி இருக்கிறதாம். அங்கே வீட்டுக்கு வீடு 'டாங்கா' உண்டு: பூமிக்குள் கட்டிய வட்டத் தொட்டி; சுற்றிலும் தரையைச் சரிவாகக் கெட்டித்து, பெய்கிற கொஞ்ச மழையையும் அதற்குள் இறக்கிவிடுவார்கள். மேலே மூடி போட்டுப் பூட்டுகூடப் போடுவதுண்டாம், நாம் நகைப்பெட்டியைப் பூட்டுகிற மாதிரி. அந்தத் தண்ணீர் தீர்ந்த வருஷங்களில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் இவள். நம் மாநிலத்தில் 2003-ல் மழைநீர்த் தொட்டியைக் கட்டாயமாக்கியபோது எங்கள் வீட்டிலும் ஒரு குழாயைச் செருகிக் கணக்குக் காட்டினோம். அந்தக் குழாயில் இப்போது அணில் குடியிருக்கிறது.

மறுநாள் உமைத் பவன் அரண்மனை. 347 அறைகள்! ஒரு பகுதியில் ராஜகுடும்பம் வசிக்கிறது, ஒரு பகுதி தாஜ் ஹோட்டல், மீதியில் மியூசியம். நம் போன்றவர்களுக்கு மியூசியம் டிக்கெட். உலகப் போரின்போது போலந்திலிருந்து தப்பி வந்த ஸ்டெஃபான் நோர்ப்ளின் என்ற ஓவியர் இந்த அரண்மனைச் சுவர்களில் ராமாயணக் காட்சிகளை வரைந்தார் என்பதைக் கேட்டபோது ஆச்சரியமாக இருந்தது. நாடிழந்து வந்தவருக்கு வனவாசக் கதையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வேறு விஷயம். 1920-களில் மழை தொடர்ந்து பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, குடியானவர்களுக்குக் கூலி வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் மகாராஜா உமைத் சிங் 1929-ல் இதைத் தொடங்கினாராம். 1943-ல் முடிந்தது. 2,000 முதல் 3,000 பேருக்கு வேலை. வரைபடம் போட்டவர் ஹென்றி லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் என்று பெயரோடு இருக்கிறது. கல் சுமந்தவர்களுக்குப் பெயர் கிடையாது.

என் ஆயா ஞாபகம் வந்துவிட்டது. பஞ்சத்தில் ஏரிக்கு மண் சுமக்கப் போன கதையை ஆயா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். இடுப்புக் குழந்தையைப் புளியமரத்துத் தூளியில் போட்டுவிட்டு, கூடைக்கு இத்தனை என்று எண்ணிக் கூலியாகத் தானியம் வாங்கி வந்தாளாம். அந்தக் குழந்தைதான் என் அப்பா. "பஞ்சத்துக்கு அரண்மனையா கட்டுவாங்க? ஏரி வெட்டியிருந்தா ஆகாதா?" என்று நான் முணுமுணுத்தேன். "அதே ராஜாதான் அத்தை 1946-ல ஜவாய் அணையையும் தொடங்கினார், அவர் போனப்புறம் 1957-ல முடிஞ்சுது. பொம்பளைங்களுக்குன்னு 1938-ல ஆஸ்பத்திரியும் திறந்தார்" என்றார் மாப்பிள்ளை. சரி, என் கோபம் பாதி தணிந்தது. பாதி அப்படியே இருக்கிறது.

மெஹரான்கர் கோட்டை ஒரு மலையையே செதுக்கி எழுப்பிய மாதிரி நிற்கிறது. 1459-ல் ராவ் ஜோதா கட்ட ஆரம்பித்தது. குன்றில் தவமிருந்த சாமியாரைக் கிளப்பிவிட்டதால், "உன் ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும்" என்று அவர் சாபமிட்டார் என்பது அங்கே எல்லோரும் சொல்கிற கதை. சாபத்தைக் கேட்டுவிட்டு யாரும் சும்மா இருக்கவில்லை. கோட்டை அடிவாரத்து ராணிசர் ஏரியை ஜோதாவின் ராணியே வெட்டினாள். 1740-களில் இன்னொரு ராணி 'தூர்ஜி கா ஜால்ரா' என்ற படிக்கிணற்றைக் கட்டினாள். பல காலம் குப்பை மூடிக் கிடந்ததைச் சமீபத்தில்தான் தூர் வாரியிருக்கிறார்கள். சிவப்புக் கல்லில் படிக்கட்டுகள் கோலம் போட்டது போல இறங்குகின்றன.

கோட்டைக்குள் ஜாங்கி மஹால் என்ற இடத்தில் ராஜவீட்டுத் தொட்டில்களை வைத்திருக்கிறார்கள். தொங்கட்டான், கண்ணாடி, தங்கப் பூச்சு! பேத்தி ஏறிப் படுக்க அடம் பிடித்தாள். திரும்பும்போது லோஹா போல் என்ற வாசல் சுவரில் சின்னச் சின்னக் கை அச்சுகள். 1843-ல் மகாராஜா மான் சிங் இறந்தபோது உடன்கட்டை ஏறிய ராணிகளுடையவையாம். பொட்டும் பூவுமாக வைத்திருக்கிறார்கள். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. "இது யாரு கை பாட்டி?" என்று கேட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

நவராத்திரிக்கு அடுத்து வரும் பௌர்ணமியை ஒட்டி, 2007 முதல் அந்தக் கோட்டையில் நாட்டுப்புற இசை விழா நடக்கிறது. ஒரு மாலை போனோம். மாங்கணியார், லங்கா என்று இரண்டு பாடகர் குலம். இருவருமே முஸ்லிம்கள்; மாங்கணியார்களோ இந்து வீடுகளின் பிள்ளைப்பேற்றுக்கும் கல்யாணத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகிறவர்கள். மாமரத்தில் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்திய கமாய்ச்சா என்ற வாத்தியத்தில் வில் போட்டால், அடித்தொண்டையில் யாரோ விம்முகிற மாதிரி இருக்கிறது. அந்தக் குலத்தில் பெண்கள் சபையில் பாடும் வழக்கமில்லை. போலியோவால் கால்கள் சூம்பிய ருக்மா என்ற பெண்மணி அதை மீறி மேடையேறினார், 2011-ல் காலமானார். வாத்தியம் எப்படி, ராகம் எது என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. என் வீட்டுக்காரர் தூங்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

சாப்பாட்டில் கேர்-சாங்ரி என்று ஒரு பொரியல். சாங்ரி என்னவென்று விசாரித்தால், நம் வன்னி மரத்துக் காய்! கோயிலில் சுற்றி வந்து கும்பிடுகிற மரத்தை அவர்கள் காய வைத்துச் சமைக்கிறார்கள். இந்த மரத்தை வெட்ட வந்தபோதுதான், 1730-ல் பக்கத்து கேஜர்லி கிராமத்தில் அம்ருதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டாள். அவளைத் தொடர்ந்து, அவளையும் சேர்த்து 363 பேர். அதைக் கேட்ட பிறகு தட்டில் ஒரு காய்கூட மிச்சம் வைக்கவில்லை நான். 'ராப்' என்று குடிக்கக் கொடுத்தது சாட்சாத் நம் கம்பங்கூழ்.

ஊருக்கு வெளியே அர்ணா ஜர்ணா என்று ஒரு மியூசியம். நாட்டுப்புறக் கலைகளைத் தேடித் தேடிச் சேர்த்த கோமல் கோத்தாரி (1929–2004) கண்ட கனவு. அங்கே முக்கியமாக என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? துடைப்பம்! எந்தப் புல்லில், எந்த ஓலையில், யார் கட்டியது, வீட்டுக்கா, களத்துக்கா என்று விதம் விதமாக. எங்கள் பக்கத்து ஈச்ச ஓலைத் துடைப்பத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒன்றைப் பார்த்தேன். அம்மை நோய்க்கு அவர்கள் கும்பிடும் சீதளா தேவி கையிலும் துடைப்பம்தான். தினம் விடியற்காலையில் நான் கையில் எடுக்கிற பொருளுக்கு ஒரு மியூசியம் என்றதும், அரண்மனையில் வராத பெருமை எனக்கு அங்கே வந்தது.

அறையைக் காலி செய்யும் நாளில் பேத்தி மட்டும் அந்தத் தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் விட்டுக் கும்மாளம் போட்டாள். ஜோத்பூர் நகரத்துக்கு இப்போது இந்திரா காந்தி கால்வாயிலிருந்து பிரித்துக் கொண்டு வரும் இமயமலை ஆற்றுத் தண்ணீர். எங்கள் மாவட்டத்துக்கும் 2013-ல் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தது. பேத்தியின் பால்பல்லை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். அரிசி மாதிரி இருந்தது.

அந்தப் பெண் விடைபெற வந்தாள். மகள் கேமராவைத் தூக்கினாள். நான் வழக்கம் போல வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் அவளும் முக்காட்டை இழுத்து வாயை மறைத்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான், அடக்க முடியாமல் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

படம் இப்போது எங்கள் வீட்டு டி.வி. மேசையில் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா எடுத்துப் பார்த்துவிட்டு, "யாரு இது, முக்காடு போட்டுக்கிட்டு? உங்க சொந்தமா?" என்று கேட்டார்.