பட்டாளத்து டி.வி.யும் பக்கத்து வீட்டுக்காரர்களும்

வானூர், மரக்காணம் பக்கத்துப் பெரியவர்களிடம் "அந்தக் காலத்தில ரேடியோவுல என்ன கேப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சென்னையோ திருச்சியோ இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது சிலோன் ரேடியோ. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று ஏதோ ஒன்றுவிட்ட சித்தப்பாக்களைச் சொல்வது மாதிரி பெயர்களை அடுக்குவார்கள். உப்பளத்து வேலை விடியுமுன் தொடங்கி, வெயில் உச்சிக்கு ஏறுமுன் முடிகிற வேலை. பாத்தியில் நின்று உப்பு வாருகிறவர்களுக்குக் கண் கூசும், கால் எரியும், காது மட்டும் சும்மா இருக்கும். டிரான்சிஸ்டர் மலிந்த பிறகு அந்தக் காதைப் பிடித்துக்கொண்டது கொழும்பு.

ஏன் கொழும்பு என்பது பலருக்கும் தெரிந்த கதைதான். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் சினிமாப் பாட்டு என்றாலே முகம் சுளிப்பவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஓரங்கட்டப்பட்டது. கொழும்புக்காரர்கள் கேட்டதை எல்லாம் போட்டார்கள். ஜனம் முள்ளை அந்தப் பக்கம் திருப்பியது. 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி டெல்லி சமாளிப்பதற்குள் பாதி இந்தியா இலங்கைக்கு ரசிகர் மன்றம் வைக்காத குறை.

பாட்டு கிடைத்தது சரி. அவ்வளவு தூரம் எட்டுகிற டிரான்ஸ்மிட்டர் அந்தச் சின்னத் தீவுக்கு எங்கிருந்து கிடைத்தது? விஷயமே அங்கேதான் இருக்கிறது. அது பட்டாளத்துச் சாமான்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானை எதிர்க்க 1943-ல் நேச நாடுகள் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் ஒன்றை அமைத்தன. மவுண்ட்பேட்டன் தலைவர். 1944-ல் அந்தத் தலைமையகம் கண்டிக்கு, பேராதனைப் பூங்காவுக்கே குடிவந்தது. பர்மாக் காட்டில் மழையிலும் மலேரியாவிலும் கிடந்த சிப்பாய்களுக்கு ஊர் நினைப்பு வராமல் இருக்க வேண்டும், அல்லது வந்தாலும் தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகக் கொழும்பில் எழுந்தது 'ரேடியோ சீயாக்'. முதலில் சின்ன டிரான்ஸ்மிட்டர். பெரியது, 100 கிலோவாட் சிற்றலை ராட்சசன், ஏக்கலவில் நிறுவப்பட்டு வேலைக்கு வந்தது 1946-ல். போர் முடிந்ததோ 1945-ல்! பந்திக்கு வாங்கிய இலை எல்லோரும் கை கழுவும்போது வந்து சேர்ந்த கதை. சிப்பாய்கள் ஒவ்வொரு கப்பலாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ராட்சசனைத் தூக்கிப் போக முடியாதே, 1949-ல் நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. அடுத்த வருடம் வர்த்தக சேவை. ஆங்கிலச் சிப்பாய்க்காகப் போட்ட குழாயில் கொஞ்ச நாளில் டி.எம்.எஸ். குரல் ஓடியது.

அந்த டிரான்ஸ்மிட்டருக்குக் கையெழுத்துப் போட்ட லண்டன் அதிகாரிகளில் ஒருவருக்காவது மரக்காணம் உப்பளம் நினைவில் இருந்திருக்குமா? நிச்சயமாக இருந்திருக்காது. பட்டாளத்து ஒலிபரப்பின் குணமே அதுதான். முகாமைச் சுற்றி முள்வேலி போடலாம், அலைக்குப் போட முடியாது. நிகழ்ச்சி நிரல் போடுகிறவர் உள்ளே இருப்பவரை நினைத்துப் போடுவார். கேட்டு வளர்வது வெளியே இருக்கிறவர்கள்.

இது ரேடியோக் கதை. டி.வி.யில் இதே கூத்து நடந்த இடம் பூமியின் வடகோடியில் இருக்கிறது: ஐஸ்லாந்து. வடக்கு அட்லாண்டிக் தீவு, 1960-களில் மொத்த மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. நம்மூரில் ஒரு தாலுகா தேறும், அவ்வளவுதான். நேட்டோ ஒப்பந்தத்தின் பேரில் 1951-ல் அமெரிக்கப் படை கெஃப்லாவிக் விமான தளத்துக்கு வந்தது. குளிர்காலத்தில் அங்கே சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த இருட்டில் இளவட்டங்களை அடைத்து வைத்தால் குடியும் அடிதடியும்தான் மிஞ்சும் என்பது ராணுவத்துக்குத் தெரியும். அமெரிக்காவிலேயே குளிருக்குப் பேர்போன மெய்ன் மாநிலத்து லைம்ஸ்டோன் விமான தளத்தில் 1953 கடைசியில் படையினருக்கென்றே ஒரு டி.வி. நிலையத்தைத் தொடங்கிச் சோதித்தார்கள். அது பலித்தது. 1955-ல் கெஃப்லாவிக்குக்கும் ஒன்று.

அந்தத் தளங்களுக்கு ஒரு வார நிகழ்ச்சி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது சுவாரசியம். செயற்கைக்கோள் இல்லாத காலம். அமெரிக்காவில் ஓடிய தொடர்களைப் படச்சுருளில் எடுத்து, வாரக் கணக்குக்குப் பெட்டி கட்டி அனுப்புவார்கள். ஒரு தளம் போட்டு முடித்ததும் அதே பெட்டி அடுத்த தளத்துக்குப் போகும். டூரிங் டாக்கீஸ் காலத்துக் கதைகளைக் கேட்டவர்களுக்கு உடனே புரியும். நம் ஊர்க் கொட்டகைக்கும் பக்கத்து ஊர்க் கொட்டகைக்கும் ஒரே படப்பெட்டி, சைக்கிளில் ஆள் அடித்துப் பிடித்துக் கொண்டுவருவான் என்பார்களே, அதேதான், கொஞ்சம் பெரிய சைக்கிள். பெட்டிக்குள் பெரும்பாலும் குதிரையும் துப்பாக்கியும் ஓடுகிற கௌபாய் தொடர்கள், பாட்டுக் கச்சேரிகள், விளையாட்டு. பழசாகிப் போனாலும் பரவாயில்லை, ஊர் வாசனை அடித்தால் போதும்.

விளம்பரம் கிடையாது. தயாரிப்பாளர்களும் கலைஞர் சங்கங்களும் படையினருக்காக இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ கொடுத்தவை, அதை வைத்துச் சோப்பு விற்கக் கூடாது. விளம்பர இடைவெளியை என்ன செய்வது? "வண்டியை மெதுவாக ஓட்டு", "சம்பளத்தில் கொஞ்சம் சேமி", "ரகசியத்தை வெளியில் பேசாதே" மாதிரி புத்திமதிகளைப் போட்டு நிரப்பினார்கள். சோப்புக்குப் பதில் தலைமை ஆசிரியர்! விருந்து கொடுக்கிற நாட்டு மக்களின் மனம் நோகும் என்று தோன்றுகிற காட்சிகளை வெட்டுகிற வழக்கமும் உண்டு. ஆக, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார் என்பது அவர்களுக்கும் உள்ளூரத் தெரிந்தே இருந்தது.

ஆரம்பத்தில் அந்த நிலையத்தின் சக்தி வெறும் 50 வாட். ஒரு மஞ்சள் குண்டு பல்பு அளவு. 1961-ல் 250 வாட்டுக்கு உயர்த்த ஐஸ்லாந்து அரசு அனுமதி கொடுத்தது. நம் வீட்டு மிக்சி இதைவிட அதிகம் இழுக்கும். ஆனால் தலைநகர் ரெய்க்யாவிக் சாலை வழியாகவே சுமார் 50 கி.மீ., நேர்க்கோட்டில் இன்னும் குறைவு, நடுவே வெறும் கடல். படம் தெளிவாக விழுந்தது. ஐஸ்லாந்துக்கு அப்போது சொந்த டி.வி. கிடையாது. ஜனம் செட் வாங்கியது, ஆன்டெனாவைத் தளத்தின் பக்கம் திருப்பியது. சில வருடத்தில் செட்டுகள் ஆயிரக்கணக்கில். சொந்த நாட்டு நிகழ்ச்சி ஒரு நிமிடம்கூட இல்லாத ஊரில், வீட்டுக்கு வீடு அந்நிய ராணுவத்தின் வார நிகழ்ச்சி நிரல்.

1964-ல் நாட்டின் பிரமுகர்கள் 60 பேர் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். ஒரு சுதந்திர நாட்டின் ஒரே டி.வி. வேறு நாட்டுப் படையின் டி.வி.யாக இருப்பது அவமானம், அதைத் தளத்துக்குள் நிறுத்துங்கள் என்பது சாரம். அவர்களுக்கு மொழி பெரிய கவலை. இரண்டு லட்சம் பேர் மட்டும் பேசுகிற மொழி அது. குழந்தை சாயங்காலமெல்லாம் ஆங்கிலம் கேட்டால் என்ன மிஞ்சும்? எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. "எங்க வீட்டு செட்டுல நாங்க எதைப் பாக்கணும்னு நீங்க யாரு சொல்றது?" என்று கொதித்தவர்கள் நிறையப் பேர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நழுவுவது சுலபம். மனுக்காரர்கள் கொஞ்சம் மேட்டுக்குடி வாடையோடுதான் பேசினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் அவர்கள் கேட்டது சரியான கேள்வி. உன்னை நினைத்துத் தயாரிக்காத ஒன்றை மட்டுமே ஒரு தலைமுறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால், உன்னை நினைத்து யார் தயாரிப்பார்கள்?

பதில் இரண்டே வருடத்தில் வந்தது. 1966 செப்டம்பர் 30 அன்று ஐஸ்லாந்தின் சொந்த டி.வி. தொடங்கியது. முதலில் வாரத்துக்கு இரண்டு நாள். பிறகு ஆறு நாள். ஏழாவது நாளான வியாழக்கிழமை விடுமுறை. நிலையத்தில் ஆள் குறைவு, அவர்களுக்கும் ஒரு நாள் மூச்சு விட வேண்டாமா! ஜூலை மாதம் முழுக்கவும் விடுமுறை. ஜூலை விடுமுறை 1983-லும், வியாழன் விடுமுறை 1987-லும்தான் ஒழிந்தன. அதுவரை வியாழக்கிழமை என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது, நாடகம் பார்ப்பது. (அந்த ஊர்க் குழந்தைகளில் பாதிப்பேர் வியாழக்கிழமைப் புண்ணியத்தில் பிறந்தவர்கள் என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. விளக்கம் கேட்காதீர்கள்.) தளத்து டி.வி.யை 1974-ல் தளத்துக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். 2006-ல் தளமும் காலியானது. வேலிக்கு வெளியே கசிந்த 250 வாட்டுக்குப் பதிலாக முளைத்த டி.வி. மட்டும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டில் இந்த வேலிப் பிரச்சினையே எழவில்லை. படைவீரர்களுக்கென்று விவித் பாரதி நடத்திய 'ஜெய்மாலா' எல்லோருக்குமான வானொலியிலேயே வந்தது. எல்லையில் நிற்பவர் விரும்பிக் கேட்ட பாட்டை ஊரில் இருப்பவரும் சேர்ந்தே கேட்டார்.

இந்தியப் பெருங்கடலில் வேலியே தேவைப்படாத ஒரு தளம் இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து சுமார் 1,800 கி.மீ. தெற்கே, டியகோ கார்சியா. தளம் கட்டுவதற்காக 1968 முதல் 1973 வரை அந்தச் சாகோஸ் தீவுக் கூட்டத்தின் குடிகளை பிரிட்டன் மொரீஷியசுக்கும் செஷல்சுக்கும் கப்பல் ஏற்றியது. ஆகவே அங்கே அமெரிக்கப் படையின் ரேடியோவும் டி.வி.யும் வந்தபோது கசிந்து போய்ச் சேரப் பக்கத்து வீடே இல்லை. மனு கொடுக்க 60 பேர் இல்லை. ஆன்டெனாவைத் திருப்ப ஒரு கூரை இல்லை. பிறகு டி.வி. செயற்கைக்கோள், டிகோடர் என்று பூட்டுப் போட்டுக்கொண்டுவிட்டது. அதனால் மற்றத் தளங்களிலும் இப்போது டி.வி. அவ்வளவாகக் கசிவதில்லை. டியகோ கார்சியாவில் மட்டும் பூட்டுக்கு முன்பே ஊரைக் காலி செய்துவிட்டார்கள்.

அந்தத் தீவில்தான் 2021 அக்டோபரில் 89 பேர் கரையேறினார்கள். எல்லோரும் இலங்கைத் தமிழர்கள். கனடா போகலாம் என்று கிளம்பிய மீன்பிடிப் படகு நடுக்கடலில் தத்தளிக்க, பிரிட்டிஷ் படை மீட்டுத் தீவில் இறக்கியது. சிலர் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் வருடக்கணக்கில் இருந்தவர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும்போது கீழ்புத்துப்பட்டில் ஒரு முகாம் வருமே, அது மாதிரி முகாம்கள். (2021 ஆகஸ்டில் அவற்றின் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. வீடுகளின் அகலம் பெயரோடு சேர்ந்து உடனே மாறவில்லை.) மரக்காணத்துக்காரர்கள் சிலோன் ரேடியோ என்று அந்நியமாய்ச் சொல்வது, கீழ்புத்துப்பட்டு முகாமின் பெரியவர்களுக்குச் சொந்த ஊர் ரேடியோ. அதை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் அவர்கள்.

தீவில் படையினருக்கு மதுக்கூடம், பௌலிங் விளையாட்டுக் கூடம், சினிமா எல்லாம் உண்டு. ஊர் நினைப்பு வாட்டக் கூடாதல்லவா. தமிழர்களுக்கு வேலிக்குள் கூடாரம். அதிலேயே எலி, மழை நீர். குழந்தைகளும் அங்கேயேதான். காவலர் துணையில்லாமல் வெளியே போக முடியாது. கடற்கரை கூப்பிடு தூரத்தில், கால் நனைக்க அனுமதி வேண்டும். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நினைத்தது மூன்று வருடம் ஆனது. இதற்கிடையில் உண்ணாவிரதங்கள், தற்கொலை முயற்சிகள். இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு உள்ளேயே வந்துவிட்டார்கள். அவர்களுடைய ஊர் நினைப்புக்கு எந்தப் பெட்டியும் கட்டப்படவில்லை.

2024 செப்டம்பரில் நீதிமன்றமே தீவுக்குப் போய் முகாமைச் சுற்றிப் பார்த்தது. டிசம்பர் தொடக்கத்தில் எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோரை விமானத்தில் ஏற்றி பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாத நடுவில் தீர்ப்பு வந்தது: அவர்களை அங்கே வைத்திருந்தது சட்டவிரோதக் காவல். தீர்ப்பு வந்தபோது அவர்கள் லண்டன் குளிரில், யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்திருப்பார்கள்.