சாந்தோமில் வெந்த லம்ப்ரைஸ்

மயிலாப்பூர்க்காரர்களிடம் சாப்பாட்டுப் பேச்சை எடுத்தால் ராயர் மெஸ் பொங்கலும் ஜன்னல் கடை பஜ்ஜியும்தான் முதலில் வரும். எனக்கும் அவை பிடித்தவையே. ஆனால் என் சிறுவயது மயிலாப்பூரை நினைக்கும்போது நாக்கில் ஊறுவது வேறொன்று. வாட்டிய வாழையிலைப் பொட்டலத்துக்குள் நெய்ச்சோறு, பொடியாக நறுக்கிய இறைச்சிக் கறி, பொரித்த சின்னச் சின்ன இறைச்சி உருண்டைகள், கத்தரிக்காய்ப் பிரட்டல், சீனிச் சம்பல். இலையோடு சேர்த்து அடுப்பில் வெந்த சோறு. அதன் பெயர் லம்ப்ரைஸ். இலங்கையின் ஒல்லாந்தப் பறங்கியர், அதாவது டச்சு வழி வந்தவர்கள், வீட்டுச் சமையல் அது. கச்சேரி சாலைக்கும் சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரு சந்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து வந்து மாடியில் குடியேறிய ஒரு தமிழ் அம்மாள்.

அவரை நாங்கள் அன்ரி என்று கூப்பிட்டோம். அவர் சொல்லிக் கொடுத்த உச்சரிப்பு அது. என் அம்மாவுக்கு அவர் அக்கா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணமாகி வெள்ளவத்தையில் குடித்தனம் நடத்தியவர். அங்கே பக்கத்து வீட்டில் ஒரு பறங்கியர் குடும்பம். வேலி ஓரமாய்க் கிண்ணங்கள் போவதும் வருவதுமாக இருந்த காலத்தில் அந்த வீட்டு மூதாட்டியிடம் அன்ரி கற்றுக்கொண்டது லம்ப்ரைஸும் புரூடர் என்ற இனிப்பு ரொட்டியும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் பறங்கியர் பலரும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அந்தக் குடும்பமும் மெல்போர்னுக்குப் போய்விட்டது. சமையல் குறிப்புகள் எழுதிய நோட்டை அன்ரிக்குத் தந்துவிட்டுப் போனார்களாம். 1983இல் வீடு எரிந்தபோது நோட்டும் எரிந்தது. எங்கள் மாடியில் அவர் சமைத்ததெல்லாம் மனப்பாடம்.

லம்ப்ரைஸ் செய்கிற நாள் என்றால் முதல் நாளே வேலை தொடங்கிவிடும். “ராசா, தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு ஓடிப் போய்க் கிழியாத இலையாப் பாத்து வாங்கிக்கொண்டு வா” என்பார். கொழும்பில் இதற்குக் குட்டை மணி சம்பா அரிசி. இங்கே சீரகச் சம்பா. எலும்பை மிளகும் ஏலமும் போட்டுக் கொதிக்கவைத்த சாற்றில்தான் அரிசி வேகவேண்டும், வெறும் தண்ணீரில் வெந்தால் அவர் ஏற்கமாட்டார். பறங்கியர் வீடுகளில் மாடு, பன்றி, ஆடு என்று பல இறைச்சிகள் ஒரே கறியில் சேரும். அன்ரி எங்களுக்காக ஆட்டிறைச்சியோடு நிறுத்திக்கொண்டார். காய்ந்த இறாலை வறுத்து, மிளகாயும் புளிப்பும் சேர்த்து இடித்து உருட்டிய பிளச்சான் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சிறு உருண்டை. சீனிச் சம்பலுக்கு வெங்காயத்தைக் குறைந்த தீயில் அது பழுப்பாகிக் குழையும் வரை வதக்குவார். அந்த வாசனை ஒன்றே சந்து முழுவதையும் பசிக்க வைக்கும். மணத்துக்குப் போடும் ரம்பை இலைக்குத்தான் கஷ்டம். தி. நகரில் பட்டுச்சேலை எடுக்கக் கொழும்பிலிருந்து வருகிற உறவினர்கள், பாண்டி பஜாரில் பைகளை நிரப்பிக்கொண்டு கடைசியில் எங்கள் வீட்டுக்கு வரும்போது, ஈரத்துணியில் சுற்றிய ரம்பைக் கட்டு ஒன்றைக் கொண்டுவருவார்கள். ரம்பை வந்த வாரம்தான் லம்ப்ரைஸ் வாரம்.

அவித்த முட்டையை உள்ளே வைக்கலாமா என்று அம்மா ஒருமுறை கேட்டார். “ஐயோ, அது இப்ப கடைக்காரர் செய்யிற வேலை. அந்தக் காலத்துப் பறங்கியர் முட்டை வைக்கிறேல்லை, கோழியும் போடுறேல்லை” என்று அன்ரி மறுத்துவிட்டார். அந்தக் கண்டிப்பு எனக்கு இன்றும் பிடிக்கும். தன்னுடையதல்லாத ஒரு சமையலை, அதன் சொந்தக்காரர்கள் இல்லாத ஊரில், ஒரு பொருள் கூடாமல் குறையாமல் காப்பாற்றினார் அவர்.

அப்போது எங்கள் பக்கத்து வீடுகள் எதிலும் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் சாந்தோம் குடும்பங்கள் கேக் மாவைத் தட்டில் ஊற்றிப் பேக்கரிக்குக் கொடுத்து வேகவைத்து வாங்குவது வழக்கம். அன்ரியும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். வாழையிலையைத் தணலில் வாட்டி, நடுவில் சோறு வைத்து, அதன் மேல் ஒரு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, சுற்றிலும் கறிகளை வைத்து மடித்து, தென்னை ஈர்க்கால் குத்தி, பொட்டலங்களைப் பெரிய தட்டில் அடுக்கி நானும் அவரும் பேக்கரிக்குத் தூக்கிப் போவோம். சாயங்கால பிரெட் எடுத்தபின் விறகு அடுப்பில் தங்கியிருக்கும் சூடு அதற்குப் போதும். பேக்கரி மாஸ்டர் நீளக் கட்டைத் துடுப்பால் தட்டை உள்ளே தள்ளுவார். இலை கருகத் தொடங்கும் நேரத்தில் எழுகிற மணம் வந்ததும், “எடுங்கோ மாஸ்டர், போதும்” என்று அன்ரி குரல் கொடுப்பார். கூலி வாங்க மாஸ்டர் மறுத்துவிடுவார். அவருக்கும் ஒரு பொட்டலம் உண்டு.

என் பாட்டி சைவம். ஒரே வீட்டுக்குள் ஒருவர் மட்டும் விட்டுப்போவது அன்ரிக்குத் தாங்காது. பாட்டிக்குத் தனியாக ஒரு பொட்டலம் தயாராகும்: எலும்புச் சாற்றுக்குப் பதில் காய்கறிச் சாறு, மாசிக் கருவாடு போடாத சீனிச் சம்பல், உருளைக்கிழங்கு உருண்டை, பாலில் வெந்த வாழைக்காய், வினிகரும் கடுகும் சேர்த்த கத்தரிக்காய். அதைத் தனித் தட்டில் வைத்துத்தான் பேக்கரிக்குப் போவோம். பாட்டி அதைச் சாப்பிட்டுவிட்டு, இலையை வழித்து நக்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

புரூடர் வருஷத்துக்கு ஒருமுறைதான். பேக்கரியிலிருந்து புளித்த ரொட்டி மாவையே வாங்கிவந்து, அதில் வெண்ணெய், சர்க்கரை, ஏராளமான முட்டை மஞ்சள் கரு, உலர்ந்த திராட்சை எல்லாம் சேர்த்துக் கையால் அடித்து அடித்துப் பிசைவார். விளிம்பு நெளிந்த அச்சில் ஊற்றி, திரும்பவும் பொங்கவிட்டு, மறுபடியும் அந்த விறகு அடுப்புக்கே அனுப்புவார். கிறிஸ்துமஸ் காலையிலும் புத்தாண்டுக் காலையிலும் அதைத் துண்டுபோட்டு, வெண்ணெய் தடவி, சிவப்பு மெழுகு பூசிய எடாம் சீஸோடு தின்பது பறங்கியர் முறை. எண்பதுகளின் சென்னையில் எடாமுக்கு எங்கே போவது? அமுல் டின் சீஸை வெட்டி வைத்தார். அன்ரி இந்து, ஆனாலும் புத்தாண்டு விடிந்ததும் புரூடர் இல்லாமல் அவருக்கு முடியாது. பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டு வந்து புரூடரை வெட்டுவார். நெதர்லாந்தில் போஃபர்ட்ஜஸ் என்று ஒன்று உண்டென்றும், நம் குழிப்பணியாரக் கல்லைப் போன்ற சட்டியில் அதைச் சுடுவார்கள் என்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒல்லாந்தர் நமக்கு அந்நியர் அல்லர். 1610இலேயே பழவேற்காட்டில் கால் வைத்தார்கள், 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இந்தக் கரையின் துணியை ஏற்றிப்போய்க் கிழக்கே மலுக்குத் தீவுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றியதே அவர்கள் வியாபாரத்தின் உயிர். அந்தக் கிராம்பும் ஜாதிக்காயும் இலங்கைக் கறுவாவும்தான் இன்றுவரை டிசம்பர் 5 அன்று டச்சுக் குழந்தைகள் தின்னும் மசாலா பிஸ்கட்டில் மணக்கின்றன. எங்கள் சாந்தோமையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1672இல் அதைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், கோல்கொண்டா படையும் ஒல்லாந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டதால் 1674இல் விட்டுக்கொடுத்தார்கள். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்தது. இவ்வளவு காலம் இருந்தும் நம் கரையில் அவர்கள் பெயரை முக்கியமாகச் சொல்வது பழவேற்காட்டுக் கல்லறைகளும் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையும் போன்றவைதான்.

சமையல் நிலைத்தது இலங்கையில். காரணம் எளிது. 1796இல் ஆட்சி ஆங்கிலேயரிடம் போனபின்னும் அங்கே பல ஒல்லாந்தக் குடும்பங்கள் தங்கிவிட்டன. போர்த்துக்கேய வழிப் பெண்களையும் உள்ளூர்ப் பெண்களையும் மணந்து பெருகியவை அவை. அந்த அடுக்களைகளில் ஜாவாவின் இறால் இடிப்பும் ஒல்லாந்தரின் இறைச்சி உருண்டையும் தென்னிலங்கையின் சம்பலும் ஓர் இலையில் சேர்ந்தன. 1908இல் அவர்கள் கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஹில்டா டியூட்ரம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகம் 1929இல் வந்து வீட்டுக்கு வீடு போனது. கொழும்பில் பிறந்து சிட்னிக்குப் போன ஷார்மெய்ன் சாலமன் 1976இல் வெளியிட்ட ஆசியச் சமையல் நூலில் லம்ப்ரைஸுக்கும் இடம் கொடுத்தார். மெல்போர்னிலும் டொராண்டோவிலும் கிறிஸ்துமஸ் நாளில் இந்த இலை மடிக்கப்படுகிறது.

எங்கள் சந்தில் மட்டும் அது நின்றுபோனது. மகன் கனடாவுக்கு அழைத்துக்கொண்டதும் அன்ரி போய்விட்டார். அவரைப் போல அடையாறிலும் பெசன்ட் நகரிலும் தி. நகரிலும் வாடகை வீடுகளில் விசாவுக்குக் காத்திருந்த ஈழத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பேக்கரியின் விறகு அடுப்பை இடித்து மின்சார அடுப்பு வைத்தார்கள், பிறகு பேக்கரியே போனது. அம்மா சில அளவுகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைத்திருந்தார். அதை வைத்து நான் செய்து பார்க்கிறேன், சீனிச் சம்பல் சரியாக வருகிறது, புரூடர் பொங்குகிறது. சோறுதான் அவர் கைப்பக்குவத்துக்கு இன்னும் வரவில்லை.

மயிலாப்பூர்ச் சமையல் வரலாறு என்று எழுதுகிறவர்கள் மாட வீதிகளோடு நின்றுவிடுகிறார்கள். அது போதாது. அகதியாக வந்தவர்களும் வாடகைக்கு இருந்தவர்களும் சமைத்ததும் இந்த ஊரின் சமையல்தான். உங்கள் வீட்டு மாடியிலோ எதிர்வீட்டிலோ கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து தங்கியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் இன்று எந்த நாட்டில் இருந்தாலும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள், அளவோடு எழுதிவையுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது.