இரண்டு ஊர்களுக்குரியவர்கள்

எங்கள் மரண அறிவித்தல்களுக்கு ஒரு மாறாத வாய்பாடு உண்டு. ‘புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட’ என்றுதான் தொடங்கும். 1983இன் பின்னர் அந்த வாக்கியத்துக்குள் ரொறொன்ரோவும் பாரிசும் இலண்டனும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. பல ஆண்டுகளாகச் சேகரித்த இத்தகைய அறிவித்தல்கள், வரிக்கு ஒருவராகத் தட்டச்சு செய்யப்பட்டு என்னிடம் ஒரே நீண்ட பட்டியலாக இருந்தன. அவற்றை ஊர்வாரியாகப் பிரிப்பதற்குப் பேர்ள் மொழியை எடுத்துக்கொண்டேன். 1987இல் லரி வோல் வெளியிட்ட மொழி அது. அவர் மொழியியல் படித்தவர் என்பதாலோ என்னவோ, எழுத்துகளோடு மல்லாடுவதற்கு அது மிகவும் வாய்ப்பானது.

இரண்டு மூன்று ஊர்கள் என்றால் ‘கிரெப்’ போதும். ஊர்கள் பெருகினால், ஒவ்வோர் ஊருக்காகவும் பட்டியல் முழுவதையும் திரும்பத் திரும்பச் சலிப்பது வீண்வேலை. ஊரின் பெயரைச் சாவியாகக் கொண்ட ஒரு ‘ஹாஷ்’. ஒவ்வொரு சாவிக்கும் ஓர் அணி. பட்டியலை ஒரேயொரு தடவை வாசித்து, உரிய அணியில் பெயரைப் ‘புஷ்’ செய்துகொண்டே போகலாம். அணியை முன்கூட்டியே உண்டாக்கி வைக்கத் தேவையில்லை. கரவெட்டியின் முதற்பெயர் வரும்போது கரவெட்டிக்கான அணி தானாகவே பிறந்துவிடும். ஆசிரியபீடத்தில் தச்சரை அழைத்துப் பெட்டிகள் செய்வித்த எங்களுக்கு இது சற்றுப் பொறாமையூட்டும் வசதி.

இந்த வசதிக்குள்ளேயே ஆபத்தும் இருக்கிறது. ‘திருமலை’, ‘திருகோணமலை’ என்று எழுதினால், கேள்வியின்றி இரண்டு அணிகள் உருவாகும். இன்னும் விசித்திரம், கொழும்பே இரண்டாவது. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒருவர் ஒரே குறியீடாகவும், இன்னொருவர் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதிந்திருப்பார். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பேர்ளுக்கோ அவை வெவ்வேறு ஊர்கள். பேர்ளோடு கூடவே வரும் ‘யுனிகோட் நோர்மலைஸ்’ கூறு அவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘மட்டு.’ என்றால் மட்டக்களப்பு, ‘மட்டுவில்’ தென்மராட்சியில் உள்ளது என்பதை எந்தக் கூறும் அறியாது. அதற்கு ஊர் தெரிந்த ஒருவர் சாவிகளை மட்டும் தனியே அச்சிட்டு, பென்சிலோடு உட்கார வேண்டும்.

காகித நறுக்கை ஒரு பெட்டியில்தான் போடமுடியும். நெடுந்தீவில் பிறந்து வவுனியாவில் மறைந்தவரை எங்கே வைப்பது? கடைசியாக வாழ்ந்த ஊரில்தான் வைப்போம்; பிறந்த மண்ணின் பெட்டியில் அவர் இல்லாமற் போவார். பேர்ளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே பெயரை இரண்டு அணிகளிலும் ‘புஷ்’ செய்யலாம். பிறப்பிடமும் வதிவிடமும் ஒன்றாக இருந்தால் இருமுறை சேராதபடி ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும். இன்று நெடுந்தீவின் அணியைத் திறந்தால், கடல் கடந்து போய்த் திரும்பாதவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

மொத்தம் எத்தனை பேர் என்று அறிய அணிகளைக் கூட்டக்கூடாது. மூலப் பட்டியலின் வரிகளைத்தான் எண்ணவேண்டும்.